இடது முன்சில்லின் ஐந்து நட்டுகள்

வெள்ளவத்தை
06.01.2024

சிவபாலன் அண்ணாவுக்கு,

வீதிக்கே எடுக்காத ஒரு காரின் சில்லு நட்டுகளுக்கு அப்பா இருபத்திரண்டு வருடமாக, ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, ஏன் கிரீஸ் பூசினார்? எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே இருந்தவள் நான். எனக்கே தெரியாததை உங்களிடம் கேட்பதில் நியாயமில்லை. ஆனால் இன்று காலை இன்னொருவர் அதே கேள்வியை என்னிடம் கேட்டார்.

கொலன்னாவையில் பழைய இரும்பு எடுப்பவர் அவர். வளவுக்குள் நிற்கும் டொட்ஜ் காரைப் பார்க்க வந்தார். கடற்காற்றின் துரு கதவுகளின் அடிப்பாகத்தைத் தின்றுவிட்டது. அவர் காரைச் சுற்றி நடந்து, குந்தியிருந்து, சில்லில் விரலை வைத்தார். “என்ன மிஸ் இது? வண்டி முழுக்கக் கறள். நட் மட்டும் நேத்து வாங்கினது மாதிரி?” என்றார். அப்பா பூசுவார் என்றேன். “ஓடுற காருக்கே ஆரும் பூச மாட்டாங்களே” என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 30ஆம் திகதிக்குள் வீட்டைக் கட்டடக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். இடித்து எட்டு மாடி கட்டுகிறார்கள். எனக்கு மூன்றாம் மாடியில் ஒரு வீடு. இத்தனை நீளமான காருக்கு அங்கே இடமில்லை. அன்றைக்குள் கார் தன் காலில் வெளியே போகாவிட்டால் வளவிலேயே வைத்து வெட்டி எடுப்பார்கள். கார் இன்னும் அப்பாவின் பெயரில் இருக்கிறது. அதனால் இரண்டு பிள்ளைகளும் கையொப்பமிட வேண்டும். படிவம் இத்துடன் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தைச் சட்டத்தரணி மூலம் அனுப்பியபோது நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இதையும் அப்படியே அனுப்பலாம்.

வந்தவர் தன் பற்றரியைப் பூட்டிப் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தார். நான் பக்கத்தில் நின்று கவனித்தேன். திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் பிடித்தது. கையை விட்டதும் நின்றது. நான்கு முறையும் அப்படியே. “செத்துப் போச்சு” என்றார்.

அந்தக் காரை எனக்குப் பிடித்ததில்லை. 1996இல் அம்மா பாரிசவாதம் வந்து விறாந்தையில் விழுந்த அன்று ஹர்த்தால். ஓட்டோ ஒன்றும் இல்லை. இடது முன்சில்லில் காற்று இல்லை. நீங்கள் நட்டுகளோடு போராடி நட்டு பூட்டும் ஸ்டட் ஆணி மூன்றை முறித்ததையும், நாற்பது நிமிடம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பேக்கரி வானில் அம்மாவைத் தூக்கிப் போட்டதையும் நான் பார்த்தேன். “கறள், நான் பாக்காமல் விட்டது” என்று அப்பா தன் வாயாலேயே சொன்னார். அதன் பிறகு அம்மா பேச்சில்லாமல் இரண்டு வருடம் கிடந்து செத்தா. அப்பாவோடு நீங்கள் கதைக்காமல் விட்டதை அப்போது நான் குற்றமாக நினைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அவருடைய செத்தவீட்டுக்கு வராமல் விட்டது வேறு விஷயம். அன்று போனில் சொன்னவற்றை நான் திரும்ப எடுக்கவில்லை.

படிவத்தில் இரண்டு இடத்தில் ஒப்பமிட வேண்டும்.

சாம்பவி


ஸ்காபரோ
04.02.2024

சாம்பவி,

கடிதம் கிடைத்தது. தமிழில் எழுதிக் கனகாலம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கார் சாகவில்லை. நீ எழுதிய மாதிரித்தான் நடந்தது என்றால், அதாவது திறப்பைப் பிடித்திருக்கப் பிடித்து, விட்டதும் நின்றது என்றால், அதற்கு உள்ள வருத்தம் ஒன்றுதான். எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் நடுவில் உள்ள இரும்புச் சுவரில் விரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டு இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது கரண்ட் அதைத் தாண்டி நேரே போகும். கையை விட்டதும் அதன் வழியாகப் போகும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் எஞ்சின் நிற்கும். அவ்வளவுதான்.

ஒன்று அனுப்புகிறேன். சப்பாத்துக் காலுறைக்குள் சுற்றியிருக்கிறேன், உடையாது. இரண்டு வயர், ஒரு ஸ்குரூ. ஆனால் தெரிந்த ஆளைக் கொண்டு போடுவி.

படிவத்தில் ஒப்பமிடவில்லை. முதலில் ஓடுதா என்று பார்.

மற்றதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

சிவபாலன்


வெள்ளவத்தை
25.02.2024

அண்ணாவுக்கு,

ஓடுகிறது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வசனம் போதும். ஆனால் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தெரிந்த ஆள் என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் புள்ளிவிபரவியல் படித்த ஸீனத் என்பவள் இப்போது ஆங்கில ஆசிரியை. கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். அவளுடைய கணவர் பௌஸி மாளிகாவத்தையில் பிறந்து வளர்ந்தவர். கிழமை நாட்களில் புதுக்கடை நீதிமன்றத்தில் லிகிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அமெரிக்கக் கார் திருத்துகிறார். தொழிலுக்காக இல்லை. அதை நான் நம்பவில்லை, போய்ப் பார்த்தேன்.

முன்சுவர் இல்லாத ஒரு வீட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 1961ஆம் ஆண்டுச் செவ்ரோலே ஒன்று வளவுக்குள் அடங்கவில்லை என்று சுவரை உடைத்து மூக்கை ஹோலுக்குள் விட்டிருக்கிறார்கள். அதன் முகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் ஒரு கதிரை போட்டு எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். பௌஸி காருக்குக் கீழே கிடந்தார். ஸீனத் படியில் இருந்து, ஆங்கில வேர்க்‌ஷொப் புத்தகத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் செய்து முடித்து “ம்” என்றால் அடுத்த வரி.

“அடுத்தது என்னா?”

“அடுத்த வரியில, சாப்பாடு ஆறுது, எந்திரிச்சி வாங்க எண்டு இரிக்கி.”

“அது எந்தப் பக்கம்?”

“முன்னூத்திப் பன்னெண்டு.”

ஆங்கிலம் தெரியாததால் அல்ல இது. நீதிமன்றத்தில் தினமும் ஆங்கிலக் கோப்புதான் பார்க்கிறார். ஒருவர் வாசிக்க ஒருவர் செய்தால் வரி தவறாது என்பது அவர்களுடைய ஒழுங்கு. வாசிப்பவர் செய்து முடிந்ததா என்று கேட்பார். செய்பவர் வாசித்தது சரியா என்று கேட்பார். ஆராய்ச்சி முறையியல் என்று நான் வருடா வருடம் படிப்பிப்பதில் பாதி இதற்குள் இருக்கிறது. அவர்களிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பௌஸி இங்கே வந்தார். எஞ்சின் மூடியைத் திறந்ததும் நான், எஞ்சின் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறதே, அடித்தளம் உடைந்துவிட்டதா என்று கேட்டேன். “பயப்படாதீங்க மிஸ். அது பொறக்கக்குள்ளயே அப்பிடித்தான். சாஞ்சி நிண்டாலும் விழாது” என்றார். பிறகு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்; அவருக்கு நீங்கள் ‘நானா’. வெள்ளைப் பீங்கானைக் காலுறையிலிருந்து எடுத்து இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

“ஒங்கட நானா காரப் பாக்காம, கனடாவில இருந்து சொன்னாரா?”

“ஓம்.”

“சாமானையும் கையோட அனுப்பினாரா?”

“ஓம்.”

“அப்ப அவர்ட ஊட்டுலயும் இதே மாதிரி ஒண்டு நிக்கிது மிஸ்.”

பத்து நிமிடத்தில் போட்டு முடித்தார். திறப்பைத் திருப்பினார், விட்டார். எஞ்சின் நிற்கவில்லை. நானும் உடனே நம்பவில்லை. கால் மணித்தியாலம் நின்று பார்த்தேன். தையல் மெஷின் மாதிரிச் சத்தம். பக்கத்து மாடியிலிருந்து ஒரு பெண் கைதட்டினாள்.

இனி பிரேக், பெற்றோல் தாங்கி, வால்வு எல்லாம் பார்க்க வேண்டுமாம். ஸீனத்தால் ஒவ்வொரு ஞாயிறும் வர முடியாது. அப்பாவின் புத்தகத்தை நான்தான் வாசிக்கிறேன். பழுப்புத் தாளில் உறை போட்டு அலுமாரியில் வைத்திருந்தார்; படவரைஞராக வேலை செய்தவர் என்பது அந்த உறையின் மடிப்பிலேயே தெரிகிறது.

பௌஸி சொன்னது சரியா?

சாம்பவி


ஸ்காபரோ
24.03.2024

சாம்பவி,

சரிதான். 1965ஆம் ஆண்டு டொட்ஜ் டார்ட் ஒன்று என் கராஜில் நிற்கிறது. பதினொரு வருடமாக. வீட்டுக்காரி, உன் மச்சாள், அதை ‘மற்றவள்’ என்பா. மாரியில் மைனஸ் இருபதில் கையுறையோடு நட் கழற்ற முடியாது. கையுறை இல்லாமலும் முடியாது. அதனால் மாரியில் வாசிப்பேன், கோடையில் செய்வேன்.

பௌஸியிடம் சொல். பழைய பிரேக்கில் நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய், ஒரே வழி. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போகும். நான் முன்னுக்கு வேறு, பின்னுக்கு வேறு என்று இரண்டாகப் பிரித்துவிட்டேன். அங்கே ஜப்பான் வானில் இருந்து எடுத்துப் பொருத்தலாம் என்று நினைக்கிறேன். இதில் மட்டும் பழையபடிதான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

வால்வு இடைவெளி பார்ப்பது எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது. எண்ணெய் தெறிக்கும். உள்ளிழுப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, வெளித்தள்ளுவது இருபது. நீயும் ஒரு தரம் பிடித்துப் பார். உனக்குப் பிடிக்கும், அளவுதானே.

இன்னொன்று. முன்பக்கம் இடது சில்லை பௌஸியே கழற்றட்டும். அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பகுதியை நீ வாசிக்கத் தேவையில்லை.

சிவபாலன்


வெள்ளவத்தை
21.04.2024

அண்ணாவுக்கு,

வாசிக்கத் தேவையில்லை என்று எழுதியதால்தான் கவனமாக வாசித்தேன். என்னைத் தெரிந்தும் அப்படி எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் வால்வு. பௌஸி மூடியைக் கழற்றிவிட்டு, ஓடும் எஞ்சினுக்குள் இடைவெளி அளக்கும் தகட்டை நுழைத்தார். பன்னிரண்டு சின்னக் கைகள் மேலும் கீழும் ஆடுகின்றன. இவர் அந்த ஆட்டத்துக்கு நடுவில் ஸ்பனரை வைத்துத் திருப்புகிறார். சேர்ட் முழுக்க எண்ணெய்ப் புள்ளி. “வாங்க மிஸ், பிடிங்க. புத்தகத்துக்க இருந்து ஒரு தாள உருவுற மாதிரி இழுபடணும். இலேசாயும் இல்ல, இறுக்கமாயும் இல்ல” என்றார். பிடித்தேன். மூன்றாவது வால்வில்தான் அந்த இழுவை என்னவென்று விரலுக்குப் புரிந்தது. இருபது வருடமாக ‘ஏற்றுக்கொள்ளத்தக்க வழு’ என்று கரும்பலகையில் எழுதுகிறேன். அது ஒரு தகட்டில் இழுபடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிரேக்கையும் நீங்கள் சொன்னபடியே இரண்டாகப் பிரித்தார். பஞ்சிகாவத்தையில் தேடி ஒரு வான் சாமான் எடுத்து வந்து, அதற்குத் தட்டு ஒன்றைத் தானே வெட்டிப் பொருத்தினார். “நானாட்ட சொல்லுங்க, அவர் சொல்ல முதல்லயே நான் யோசிச்ச” என்கிறார். அது உண்மையா என்று ஸீனத்திடம் கேட்டேன். “கடிதம் வந்த பொறகு, அவர் சொல்ல முதல்ல யோசிச்ச” என்றாள்.

இனி சில்லு. புத்தகத்தில் அந்தப் பகுதிக்கு வந்தேன். “சில்லைக் கழற்றும் முறை” என்று தலைப்பு. முதல் பந்தி வாசித்தேன். இரண்டாம் பந்தி இல்லை. இரண்டு விரல் உயரத்துக்குப் பிளேடால் வெட்டி எடுத்திருக்கிறது, நேர்கோட்டில், ஒரு எழுத்தும் சிதையாமல். பின்பக்கத்தில் மெல்லிய ட்ரேசிங் தாள் ஒட்டி, ஓட்டையை மேலும் கிழியாதபடி பலப்படுத்தியிருக்கிறது. ஓரங்கள் ஒட்டிய விதம் அப்பாவின் கை. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

“ஏன் மிஸ் நிப்பாட்டின?”

“இங்க ஓட்டை.”

பௌஸி எழுந்து வந்து பார்த்தார். “அந்த எடத்துல என்ன இரிந்திச்சி எண்டு எனக்குத் தெரியும்” என்றார். என்னைக் கூட்டிப்போய் இடது முன்சில்லின் முன்னால் குந்தவைத்து, ஒரு ஸ்டட்டின் முகத்தைத் துணியால் துடைத்தார். சின்னதாக ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து அடித்திருந்தது. “இந்தக் கொம்பனி கார்ல அந்தக் காலம் இடது பக்கம் எதிர்ப்புரி. வலது பக்கம் மத்தக் கார் மாதிரித்தான். இடது பக்கம் மட்டும், நீங்க கழட்டுறன் எண்டு நெனச்சித் திருப்பினா இறுகும். தெரியாதவன் பைப்ப மாட்டி ஏறி மிதிச்சா, முறியும். எத்தின பேர் முறிச்சிரிக்காங்க.”

சங்குக்குச் சொல்வதைப் போல இடம்புரி, என்றேன். வாயில் வந்த சொல் அது. பிறகுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது.

கறள் இல்லை, அண்ணா. அன்றைக்கு அந்த நட்டுகளில் கறள் இருக்கவில்லை. நீங்கள் பைப்பை மாட்டி ஏறி நின்றது எனக்கு இப்போதும் தெரிகிறது. நீங்கள் அவற்றை இறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. ஆகவே அவரே இந்தப் பந்தியை வெட்டியிருக்கிறார், உங்கள் கண்ணில் படக்கூடாது என்று. அப்படித்தான் நான் விளங்கிக்கொள்கிறேன். பிழை உங்கள் கையில் என்று நீங்கள் அறியாமல் இருக்க, தன் பெயரில் கறளை எழுதிக்கொண்டார். பெரியப்பா ஆட்களும் நீங்களும் நானும் அதை நம்பினோம். நான் ஒருதரம், அவர் கிரீஸ் பூசும்போது, “பிந்திப்போச்சு அப்பா” என்று சொல்லியிருக்கிறேன். “ஓம்” என்றார். பூசி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பூசித் திரும்பப் பூட்டுவார். ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மற்றப் பக்கம் வேறு மாதிரியும் திருப்பியிருப்பார். கவனிப்பதற்குச் சம்பளம் வாங்குபவள் நான். ஒரு நாளும் கவனிக்கவில்லை.

இதை உங்களுக்கு எழுதுவதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன். நீங்கள் அறியக்கூடாது என்று ஒருவர் இவ்வளவு பாடுபட்டதை நான் உடைக்கிறேன். ஆனால் அவரை அறியாமல் நீங்கள் இருப்பது அதைவிடப் பெரிய பிழை என்று எனக்குப் படுகிறது.

சாம்பவி


ஸ்காபரோ
19.05.2024

தங்கச்சி,

பந்தியை வெட்டியது அப்பா இல்லை. நான்.

அன்று அப்பா கந்தோர் வேலையிலிருந்து நடந்து வந்தார். உடைந்த மூன்று துண்டையும் உள்ளங்கையில் வைத்துக் கன நேரம் பார்த்தார். பிறகு “கறள், நான் பாக்காமல் விட்டது” என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆட்களுக்கு முன்னால் உங்கட தகரப் பெட்டி, உங்கட தகரப் பெட்டி என்று கத்தினேன். நீ கேட்டாய்தானே. அப்போது எனக்கு உண்மையாகவே தெரியாது. அதுவரை அவர் என்னைச் சில்லில் கைவைக்க விட்டதில்லை.

அடுத்த கிழமை, புது ஸ்டட் போடுவது எப்படி என்று பார்க்கப் புத்தகத்தைத் திறந்தேன். அந்தப் பந்தியை வாசித்தேன். நான்கு வரி. அம்மா உள் அறையில் வாய் கோணிக் கிடந்தா. அன்றைக்கே அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். நான் அவருடைய ஷேவ் பிளேட்டை எடுத்தேன்.

அப்பாவுக்குத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கந்தோர் சாரதிதானே அவருக்குச் சில்லு மாற்றிக் கொடுப்பவர், அவரும் கறள் என்றே நம்புகிறார் என்று. அப்படி நினைத்தால்தான் கோபமாக இருக்க முடியும். கோபமாக இருந்தால்தான் கதைக்காமல் இருக்க முடியும். எட்டு மாதத்தில் இங்கே வந்துவிட்டேன். அந்தத் துண்டு என் பாஸ்போர்ட் உறைக்குள் வந்தது. செத்தவீட்டுக்கு டிக்கெட் போட்டேன், தங்கச்சி. பாஸ்போர்ட்டை எடுக்கும்போது அது கீழே விழுந்தது. நான் போகவில்லை. நீ போனில் சொன்னவற்றில் ஒன்றும் பிழையில்லை.

டார்ட் வாங்கியதும் இதற்காகத்தான். அந்தக் காரில் என் கை தெரியாமல் தொடும் இடம் ஒன்றும் இருக்கக்கூடாது என்று.

அப்பா சாகும்வரை, இருபத்திரண்டு வருடமாக நான் பயந்தது அப்பா அந்த ஓட்டையைக் கண்டுவிடுவார் என்று. நான் வெட்டினேன். ட்ரேசிங் தாள் நான் ஒட்டவில்லை. உன் கடிதத்தில் அந்த வரியை வாசித்துவிட்டுக் கராஜுக்குள் போய் இருந்தேன். மச்சாள் வந்து கூப்பிடும்வரை அங்கேயே இருந்தேன்.

துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். படிவத்தையும் திருப்பி அனுப்புகிறேன், ஒப்பமிடாமல். நீ என்ன செய்தாலும் சரி.

அண்ணா


வெள்ளவத்தை
29.06.2024

அண்ணா,

உங்கள் கடிதம் ஒன்பது நாளுக்கு முன் வந்தது. முதலில் எனக்கு வந்தது கோபம். நான் ஆறு வருடமாக உங்களுக்காக வைத்திருந்த கோபம் வேறு, இது புதிது. அந்த வீட்டில் மிச்சமிருந்து, பாத்திரம் கழுவி, மாத்திரை எடுத்துக்கொடுத்து, அப்பாவைப் பிழைகாரராகவே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். நீங்கள் ஒரு வரி சொல்லியிருந்தால் நான் “பிந்திப்போச்சு” என்று சொல்லியிருக்க மாட்டேன். இதை எழுதாமல் மற்றதை எழுத முடியாது. எழுதிவிட்டேன்.

நாற்பது நிமிடம் அம்மாவுக்கு எவ்வளவு பெறுமதி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டேதான் இருந்திருப்பீர்கள். ஒரே ஒரு நோயாளியை வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, என் பாடம் அது.

அப்பாவைப் பற்றி நான் தவறாகக் கணித்தேன். ஆனால் திருத்திய பிறகு அவர் சிறுக்கவில்லை. வெட்டியது அவரென்றால், ஒரு நாளில் எடுத்த முடிவு அது. வெட்டியது நீங்கள் என்றால், புத்தகத்தைத் திறந்து, ஓட்டையைப் பார்த்து, அதை யார் வெட்டினார், ஏன் வெட்டினார் என்று முழுவதும் தெரிந்துகொண்டு, மகனிடம் கேட்காமல், கிழியாதபடி ஒட்டி, உறை போட்டு மூடி வைத்திருக்கிறார். அதன் பிறகு மாதாமாதம் கிரீஸ். கறள் என்ற கதை நிற்க வேண்டுமென்றா, அல்லது இன்னொரு அவசரம் வந்தால் அந்த நட்டுகள் எந்தக் கைக்கும் இடம்கொடுக்க வேண்டுமென்றா, எனக்குத் தெரியாது. ஜனவரியில் கேட்ட கேள்விக்கு இப்போதும் பதில் இல்லை. கேட்டவள் மட்டும் மாறியிருக்கிறேன்.

துண்டை ட்ரேசிங் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. பசை இன்னும் போடவில்லை.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு பௌஸி வருகிறார். கார் கொட்டாஞ்சேனைக்குப் போகிறது. செவ்ரோலேயைப் பின்னுக்குத் தள்ளி, அதன் பக்கத்தில் இடம் செய்திருக்கிறார்கள். ஸீனத் “இனி மிச்சச் சுவரும் போகும்” என்கிறாள். படிவத்தில் நானும் கையொப்பமிடவில்லை. நீங்கள் வந்து ஓட்டும்வரை அங்கே நிற்கட்டும். வருவதற்கு நான் அழைப்பு அனுப்பவில்லை. திறப்பு என்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கடிதத்தை மூடவில்லை. நாளை நடப்பதையும் எழுதிவிட்டு அனுப்புகிறேன்.

30.06.2024

ஒன்பது இருபதுக்குக் கார் வளவை விட்டு வெளியே வந்தது. கட்டடக்காரரின் ஆட்கள் இருவர் கேற்றைப் பிடித்துக்கொண்டார்கள். காலி வீதியில் ஏறி, பம்பலப்பிட்டி தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட, முன்பக்கம் இடது சில்லில் காற்றுப் போனது. பழைய டயர்; எதிர்பார்த்திருக்க வேண்டும்.

பின்னால் பஸ்கள் ஹோன் அடித்தன. பொலிஸ்காரர் ஒருவர் வந்து “மொகத மிஸ் வுணே?”, என்ன நடந்தது, என்று கேட்டார். டயரைக் காட்டினேன். அவர் எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றார். மூடியைத் திறந்து காட்டியதும், ஏன் சரிந்திருக்கிறது என்று கேட்டார். பௌஸி அவருக்குச் சிங்களத்தில் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே ஸ்பனரை எடுத்தார்.

“தாங்கோ, நான் கழட்டுறன்” என்றேன்.

“மிஸ், நீங்க வாசிக்கிற ஆள்.”

“இண்டைக்கு நீங்க வாசியுங்கோ.”

புத்தகம் பின் சீட்டில் இருந்தது. பௌஸி நடைபாதையில் நின்று, துண்டு பறக்காமல் பெருவிரலால் பிடித்துக்கொண்டு, தமிழில் மெதுவாகச் சொன்னார்: “இடது பக்கச் சில்லுகளின் நட்டுகள் இடம்புரி. கழற்றுவதற்கு வலப்பக்கம் திருப்பவும்.”

நான் ஸ்பனரைப் பொருத்தினேன். கை பழக்கத்தில் இடப்பக்கம்தான் போனது. நிறுத்தி, மாற்றிப் பிடித்து, வலப்பக்கம் தள்ளினேன். பைப் தேவைப்படவில்லை. ஏறி நிற்கவும் தேவைப்படவில்லை. ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வந்தன. சில்லு மூடிக்குள் போட்டு எண்ணினேன். விரலில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

கறள் இருக்கவில்லை.

சாம்பவி